அரசியல் அறிவியல் முதுகலைக்கு நடுவே டச்சு படிப்பது: எடுக்கும் நேரத்துக்குத் தகுமா?

பொருநை · செப்டம்பர் 24

எல்லோருக்கும் வணக்கம். நெதர்லாந்தின் லைடனில் அரசியல் அறிவியல் முதுகலை சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பாடம், தேர்வு, ஆய்வேடு எல்லாமே ஆங்கிலம். ஓராண்டுப் படிப்பு, 60 கிரெடிட். ஊர் திருநெல்வேலி, இளங்கலை சென்னையில் முடித்தேன்.

அடுத்த வாரம் இங்கே தொடக்கநிலை டச்சு வகுப்பு ஒன்று ஆரம்பமாகிறது. வாரம் இரண்டு மாலை, வீட்டுப்பாடம் தனி. கட்டணமும் கையைக் கடிக்கும். சேரலாமா, வேண்டாமா என்று நான்கு நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன்.

குடைச்சல் தொடங்கியது ஒரு வகுப்பில். 2010-இல் அமைந்த சிறுபான்மை அரசைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கட்டுரையில் 'ஹெடோஹன்' என்ற டச்சுச் சொல் வந்தது. பக்கத்திலேயே 'பொறுத்துக்கொள்ளுதல்' என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல். நானும் அதை வைத்தே பேசினேன். எதிரே இருந்த டச்சுத் தோழி, 'அது அப்படி இல்லை' என்றாள். எப்படி என்று கேட்டேன். ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கப் பார்த்தாள், கடைசியில் கையை விரித்துவிட்டாள். அவள் தலைக்குள் தெளிவாக இருக்கும் ஒன்று என்னிடம் வந்து சேரவில்லை. கூட்டணி அமைப்பதைப் பற்றி ஆய்வேடு எழுத வந்தவள் நான். 2021 தேர்தலுக்குப் பிறகு அமைச்சரவை அமைய 299 நாள் ஆனது; அந்த 299 நாளின் கடிதங்கள், அறிக்கைகள், விவாதங்கள் அத்தனையும் டச்சில்தான் கிடக்கின்றன.

வழிகாட்டி ஆசிரியர் ஆங்கில மூலங்களே போதும் என்கிறார். இங்கே படித்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

நெல்மணி · செப்டம்பர் 24

தங்கச்சி, மனதில் பட்டதைச் சொல்கிறேன். ஹேகில் ஆறு வருடமாக வேலை. அலுவலகத்தில் ஆங்கிலம், கடையில் ஆங்கிலம், மருத்துவரிடமும் ஆங்கிலம். உன் படிப்பு பத்து மாதம். பகுதிநேர வேலைக்குப் போனால், நம்மைப் போன்ற ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு வாரம் 16 மணி நேரம்தான் அனுமதி. அந்த நேரமும் போய், படிக்கிற நேரமும் போய், தொடக்கநிலை டச்சில் கடைசியில் என்ன வரும்? 'என் பெயர் இது, எனக்கு ஒரு காபி' என்று சொல்ல வரும். நாடாளுமன்ற விவாதம் படிக்க வராது. முதலில் ஆய்வேட்டை ஒழுங்காக முடி. படிப்புக்குப் பிறகு வேலை தேட ஓர் ஆண்டு அனுமதி கொடுப்பார்கள், மொழியை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பனையடி · செப்டம்பர் 25

பொருநை, நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து ஒன்பது வயதில் இங்கே வந்தவன். ஆம்ஸ்டர்டாமில் அரசியல் அறிவியலை டச்சு வழியிலேயே படித்தேன். உங்கள் தோழி ஆங்கிலத்தில் தேடின சொல் தமிழில் இருக்கிறது: கண்டும் காணாமல் விடுவது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் ஆட்கள் கண்டும் காணாமல் விடுவதை வெளியே சொல்ல மாட்டார்கள். இங்கே அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அரசின் கொள்கையாகவே வைத்திருப்பார்கள். காபி ஷாப்பில் கஞ்சா விற்பது சட்டப்படி குற்றம். ஆனால் இன்ன அளவுக்குள், இன்ன நிபந்தனையோடு விற்றால் வழக்குப் போட மாட்டோம் என்று அரசே எழுதிவைத்திருக்கிறது. அதுதான் ஹெடோஹன்.

2010-க்கு வாருங்கள். வே.வே.டே. (VVD) என்ற வலதுசாரிக் கட்சிக்கு 31 இடம், சே.டே.ஆ. (CDA) என்ற கிறித்தவ ஜனநாயகக் கட்சிக்கு 21. கூட்டினால் 52. நாடாளுமன்றக் கீழவையில் மொத்தம் 150. பே.வே.வே. (PVV) என்ற கட்சியின் 24 பேர் வெளியிலிருந்து கைகொடுத்ததால் 76 ஆனது. அமைச்சர் பதவி ஒன்றும் அவர்களுக்கு இல்லை. ஆனால் எந்தெந்த விஷயத்தில் ஆதரவு, எதில் தங்கள் வழி தனி வழி என்று எழுதிய ஒப்பந்தம் இருந்தது. அதற்குப் பெயரே ஹெடோஹாக்கோர்ட். இந்தியாவில் வெளியிலிருந்து ஆதரவு என்பார்களே, அதற்குக் கிட்ட வரும். காபி ஷாப்புக்குப் பழகின சொல்லை ஒரு அரசுக்கும் பயன்படுத்தினார்கள் என்பதில் இந்த நாட்டு அரசியலின் பாதி விளங்கும். டச்சு தெரியாதவருக்கு அந்த இரண்டும் ஒரே சொல் என்பதே கண்ணில் படாது.

ஆகவே என் பதில்: சேருங்கள். நெல்மணி அண்ணா சொன்னதுபோல வகுப்பு மட்டும் உங்களை நாடாளுமன்றம்வரை கொண்டுபோகாது, அது உண்மை. அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு எழுதுகிறேன். உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் டச்சு தெரியும் என்பதையும் மறக்காதீர்கள். துட்டு, கக்கூஸ் இரண்டும் டச்சிலிருந்து வந்தவை என்பார்கள். எங்கள் ஊரில் அலுவலகம் கந்தோர், மேசை இழுப்பறை லாச்சி. இங்கே பள்ளிக்கூடத்தில் ஆசிரியை மேசையைக் காட்டி 'லாட்சே' என்றபோது அம்மம்மா வீட்டு அலமாரி ஞாபகம் வந்தது எனக்கு.

பொருநை · செப்டம்பர் 25

'கண்டும் காணாமல்' என்று படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பணம் கட்டியாயிற்று. திங்கள், புதன் மாலை.

கென்ட்காரன் · செப்டம்பர் 27

பெல்ஜியத்திலிருந்து ஒரு குரல். நீங்கள் நெதர்லாந்தை வைத்துப் பேசுகிறீர்கள். அங்கே மொழி அரசியலைப் படிக்க ஒரு கருவி. இங்கே மொழிதான் அரசியலே. நான் படிக்கும் கென்ட் பல்கலைக்கழகம் 1930-இல்தான் முழுக்க டச்சுக்கு மாறியது, அதற்கு முன் பெரும்பாலும் பிரெஞ்சு. 1968-இல் லூவன் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுப் பிரிவு வெளியேற வேண்டும் என்று மாணவர்கள் தெருவில் இறங்கி, அரசே கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டானது, பிரெஞ்சுப் பிரிவுக்காகப் புதிதாக ஒரு நகரமே கட்டினார்கள். 1965 மொழிப்போர்க் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது வேற்று நாட்டுக் கதையாகவே தோன்றாது. முதல் பருவத்தில் இதைப் படித்தபோது என் தாத்தா பேசுவதுபோல் இருந்தது.

இங்கே கூட்டாட்சி பற்றி ஆங்கிலத்தில் மட்டும் படித்தால் ஒரு குறை வரும். 'டால்ஹ்ரென்ஸ்' என்கிற மொழி எல்லைக்கோடு 1962, 63 சட்டங்களில் நிலைநிறுத்தப்பட்டது. அதே நிகழ்வை டச்சுச் செய்தித்தாளும் பிரெஞ்சுச் செய்தித்தாளும் சொல்லும் விதமே வேறு. ஆங்கிலத்தில் படிக்கிறவருக்கு இரண்டும் கலந்த ஒரு சமரசக் கதைதான் கிடைக்கும், சண்டை தெரியாது.

இன்னொன்று: இங்கே பேச்சு மொழி வேறு. வகுப்பில் 'யெய்' என்று கற்றுக்கொடுத்த 'நீ', தெருவில் 'ஹெ' ஆகிவிடும். எழுத்துத் தமிழ் படித்துவிட்டு நாகர்கோவிலில் இறங்கியவர் மாதிரி முதல் மாதம் திணறினேன்.

நெல்மணி · செப்டம்பர் 28

பெல்ஜியம் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி, யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள். இப்போது மொழிபெயர்ப்புக் கருவிகள் நன்றாகவே இருக்கின்றன. எனக்கு வரும் வரிக் கடிதம் எல்லாம் அதில்தான் படிக்கிறேன், இதுவரை தவறியதில்லை. நாடாளுமன்றக் குறிப்புகளையும் அதில் போட்டால் போதாதா?

பனையடி · செப்டம்பர் 29

நெல்மணி அண்ணா, நல்ல கேள்வி. கடிதத்துக்குப் போதும். அவைக் குறிப்புக்குப் பாதி போதும். எந்தப் பாதி போதாது என்று சொல்ல, சொன்னபடி அந்த வழியையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

பொருநை, உங்கள் வகுப்புப் புத்தகத்தோடு சேர்த்து ஒரே ஒரு வகை எழுத்தை மட்டும் தினம் படியுங்கள்: மோட்சி. கீழவையில் உறுப்பினர் கொண்டுவரும் தீர்மானம். ஆண்டுக்குப் பல ஆயிரம் வருகிறது, ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும், எல்லாவற்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். தமிழில் வைத்தால் இப்படி வரும்:

அவை,
விவாதத்தைக் கேட்டு,
இன்னது நடக்கிறது என்று கண்டு,
இன்னது தேவை என்று கருதி,
இன்னதைச் செய்யுமாறு அரசைக் கோருகிறது,
அடுத்த அலுவலுக்குச் செல்கிறது.

கேட்டு, கண்டு, கருதி. வினையெச்சத்தை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் முற்றுவினையில் முடிப்பது நமக்குப் பால்குடி வழக்கம். டச்சில் 'ஹெஹோர்ட்', 'கொன்ஸ்டாடேரென்டே', 'ஓஃபர்வேஹென்டே' என்று வரும் இந்த வடிவங்கள் அன்றாடப் பேச்சில் அபூர்வம். டச்சுப் பிள்ளைகளே முதலாண்டில் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கு அது வீட்டுச் சாப்பாடு மாதிரி இருந்தது. கூடு மாறாது என்பதால் ஒவ்வொரு நாளும் உள்ளே இருக்கும் பத்துப் பதினைந்து சொற்களைத்தான் புதிதாகப் பார்க்க வேண்டும். வாடகை வீடு, நைட்ரஜன் மாசு, முதியோர் பராமரிப்பு என்று நாட்டின் பிரச்சினை எல்லாம் அதில் வந்துவிடும்.

இப்போது அண்ணாவின் கேள்வி. உறுப்பினர் தீர்மானம் கொண்டுவந்ததும் அமைச்சர் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். 'ஒன்ட்ராடன்' என்பார், அல்லது 'ஓர்டேல் காமர்' என்பார். முதலாவதைக் கருவியில் போட்டால் 'ஊக்கமிழக்கச் செய்தல்' என்கிற மாதிரி ஏதோ வரும். அது உண்மையில், 'இதை நிறைவேற்றாதீர்கள், அரசு எதிர்க்கிறது' என்பதற்கான மரபுச் சொல். இரண்டாவது 'அவையின் தீர்ப்பு' என்று மொழிபெயர்க்கப்படும், ஏதோ தீர்ப்பு வந்துவிட்டது போல. பொருளோ, 'எனக்கு ஆட்சேபம் இல்லை, முடிவை உங்களிடமே விடுகிறேன்' என்பது. கருவி சொல்லைப் பெயர்க்கிறது. அந்த அறையில் அந்தச் சொல் செய்கிற வேலை அதற்கு எட்டாமல் போகிறது. அரசியல் அறிவியல் படிக்கிறவருக்கு அந்த வேலைதான் பாடம்.

செவ்வாய்க்கிழமைகளில் வாக்கெடுப்பு. அதன் குறிப்பையும் படியுங்கள். 'இன்ன இன்ன கட்சிகளின் உறுப்பினர்கள் ஆதரவாக வாக்களித்தார்கள், மற்றவர்கள் எதிராக, ஆகவே இது ஏற்கப்பட்டது' என்ற ஒரே வாக்கியம் பக்கம் பக்கமாக வரும். மாறுவது கட்சிப் பெயரும் கடைசிச் சொல்லும் மட்டும். ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா என்று தெரிய வாக்கியத்தின் கடைசிவரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கத் தமிழருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

ஓலைச்சுவடி · அக்டோபர் 3

அரசியல் அறிவியல்தான் தலைப்பு என்றாலும் ஒரு சின்னக் கிளை. நான் சென்னையில் வரலாற்று ஆய்வு மாணவன். டச்சு கற்க ஆரம்பித்தது பழைய டச்சுத் துறைமுகமான பழவேற்காட்டுக்காக. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலேயே டச்சு ஆவணங்கள் இருக்கின்றன. ஹேகின் தேசிய ஆவணக் காப்பகத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அலமாரியில் நிற்கின்றன. 1707-இல் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையை எழுத்தில் தொகுக்கச் செய்தவர்களும் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்தான். இலங்கையில் இன்றும் சட்டமாக இருக்கும் ஒன்றின் தொடக்கப் படி டச்சில் இருக்கிறது என்பதை அரசியல் மாணவர்களும் கவனிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இன்றைய டச்சு தெரிந்துவிட்டால் பழையதைப் படித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 17-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து தனிப் படிப்பு. அவைக் குறிப்புகளில் கூட 1947-க்கு முந்தையவற்றில் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும்.

பனையடி · அக்டோபர் 3

தேசவழமையின் பேரில் எங்கள் குடும்பத்தில் ஒரு காணி வழக்கு நடந்தது. அதன் டச்சு மூலத்தைப் பற்றி யோசித்ததே இல்லை. நன்றி, ஓலைச்சுவடி.

புதுவரவு · நவம்பர் 30

இழையைத் தேடிப் பிடித்தேன். நெய்மேஹனில் முதலாண்டு. பொருநை அக்கா, வகுப்பு எப்படிப் போகிறது? பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'டெ', 'ஹெட்' இரண்டில் எதற்கு எது என்று எனக்குச் சுத்தமாகப் பிடிபடவில்லை. வாயைத் திறந்து டச்சில் ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். மனசு விட்டுப்போகிறது.

பொருநை · டிசம்பர் 2

தம்பி, முதலில் அந்த ஆங்கிலத்துக்கு மாறும் விஷயம். அவர்கள் உதவுவதாக நினைத்துத்தான் செய்கிறார்கள், இளப்பமாக அல்ல. நான் இப்போது எடுத்தவுடனேயே, 'டச்சு பழக வேண்டும், மெதுவாகப் பேசலாமா' என்று டச்சிலேயே கேட்டுவிடுகிறேன். பத்தில் ஆறு பேர் முகம் மலர்ந்து நின்று பேசுகிறார்கள். நூலகத்தில் மொழி கஃபே இருக்கிறதா என்று பார். இங்கே சனிக்கிழமை ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் வருவார். நான் தீர்மானங்களை எடுத்துப்போய் அவரிடம் உரக்கப் படிப்பேன். போன வாரம் முதியோர் பராமரிப்பு பற்றி ஒரு தீர்மானம். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் தன் கதையைச் சொன்னார். பாதிதான் புரிந்தது, ஆனால் எந்தப் பாதி புரியவில்லை என்பது புரிந்தது. அது ஒரு முன்னேற்றம் என்றே எடுத்துக்கொண்டேன்.

'டெ', 'ஹெட்' விதியாக வராது, சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய். பெரும்பாலானவை 'டெ'. 'யெ' என்று முடிந்து சின்னதைக் குறிக்கும் சொற்கள் எல்லாம் 'ஹெட்', அது ஒன்றுதான் நிம்மதி.

எனக்கு இதுவரை மிக எளிதாக வந்தது துணைவாக்கியம். 'ஏனென்றால்' என்று தொடங்கினால் வினை கடைசிக்கு ஓடிவிடுகிறது: 'ஏனெனில் அமைச்சர் தீர்மானத்தை நேற்று அவையில் எதிர்த்தார்' என்ற வரிசை அப்படியே டச்சு. வகுப்பில் ஸ்பானிய நண்பர்கள் வியர்த்துக்கொண்டிருக்க, நானும் ஒரு துருக்கித் தோழியும் சும்மா எழுதிக்கொண்டு போனோம். கடினம் பிரியும் வினைகள். 'ஏற்றல்' என்ற வினையின் தலை தனியாகக் கழன்று வாக்கியத்தின் வாலில் போய் நிற்கும். 'எடுக்கிறது' என்று கேட்டதும் என்ன எடுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பேன், கடைசியில் 'ஆன்' என்று ஒரு துண்டு வந்து விழும், அப்போதுதான் 'ஏற்றுக்கொள்கிறது' என்று தெரியும்.

'நீ', 'நீங்கள்' நமக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அளவு வேறு. பேராசிரியரைச் சக மாணவர்கள் 'யெ' என்கிறார்கள். எனக்கு இன்னும் நாக்கு எழவில்லை, 'யூ' என்றே சொல்கிறேன். அவையில் யாரும் யாரையும் நேராக விளிப்பதே இல்லை, ஒவ்வொரு பேச்சும் 'ஃபோர்சிட்டர்', அதாவது அவைத் தலைவரே என்றுதான் தொடங்குகிறது.

நெல்மணி · டிசம்பர் 5

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவரும் ஐந்து ஆண்டு சட்டப்படி வசித்தால் இங்கே நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கலாம். 1986 முதல் இந்த உரிமை இருக்கிறது. எனக்கும் வாக்குச் சீட்டு வரும் நிலை. அதற்காகக் கட்சிகளின் வாக்குறுதிகளை எடுத்துப் பார்த்தேன். என் தெருவில் மரம் வெட்டுவதா, வாகன நிறுத்தத்துக்குக் கட்டணமா என்பது எல்லாம் டச்சில். கருவியில் போட்டுப் படித்தேன், புரிந்தது. ஆனால் அண்டை வீட்டுக்காரர்கள் அதைப் பற்றி வாசலில் நின்று வாக்குவாதம் செய்தபோது நடுவில் பொம்மை மாதிரி நின்றேன். ஆறு வருடம் இருந்த தெரு. ஜனவரி வகுப்பில் பெயர் கொடுத்திருக்கிறேன்.

கென்ட்காரன் · டிசம்பர் 5

வாருங்கள் அண்ணா.

பொருநை · மார்ச் 11

நீண்ட இடைவெளிக்குப் பிறகு. ஆய்வேட்டுத் தலைப்பு மாறிவிட்டது, அதற்கு இந்த இழைதான் காரணம் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

பனையடி அண்ணா சொன்னபடி தினம் ஒரு தீர்மானம் படித்தேன். பிப்ரவரியில் படிப்பதோடு நிற்காமல் விவாதப் பதிவுகளையும் கேட்க ஆரம்பித்தேன். ஒரே பதிவை மூன்று தடவை, நான்கு தடவை. ஒரு நாள் அமைச்சர் பேசும்போது காதில் ஒன்று விழுந்தது. 'ஓர்டேல் காமர்' என்று சொல்வதற்கு முன்னால், 'இந்தத் தீர்மானத்தை நான் இப்படிப் படிக்கலாம் என்றால்' என்று தொடங்கி, தனக்கு வசதியாக ஒரு விளக்கத்தைச் சொல்கிறார். தீர்மானம் கொண்டுவந்தவர் தலையாட்டுகிறார். தீர்மானத்தின் எழுத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. வாக்கெடுப்புப் பட்டியலில் 'ஏற்கப்பட்டது' என்று மட்டும் இருக்கிறது. ஆனால் அவை கேட்டது ஒன்று, அரசு ஒப்புக்கொண்டது அதைவிடக் கொஞ்சம் சின்னது. அந்தச் சின்ன இடைவெளி அந்த ஒரு பேச்சு வாக்கியத்தில் மட்டும்தான் இருக்கிறது.

கூட்டணி ஒப்பந்தங்களை ஒப்பிடுவதாக இருந்த என் திட்டத்தை விட்டுவிட்டேன். இதைத்தான் எழுதப்போகிறேன். ஆசிரியரிடம் சொன்னபோது, 'இதை நீ எப்படிக் கண்டுபிடித்தாய்' என்று கேட்டார். கேட்டேன் என்றேன். இதுவரை நாற்பது தீர்மானங்களுக்கு விவாதத்தைத் தேடிக் கேட்டாயிற்று. நல்ல டச்சு என்று சொல்ல மாட்டேன். கடையில் இன்னும் தடுமாறுகிறேன். அவையில் அமைச்சர் பேசினால் மட்டும் அநேகமாக எல்லாம் புரிகிறது, விசித்திரமான டச்சு என்னுடையது.

ஒரு உதவி. அமைச்சர் செய்கிற அந்த வேலைக்கு இங்கே 'படிப்பு' என்ற சொல்லையே பயன்படுத்துகிறார்கள். தமிழில் குறிப்பு எடுக்கும்போது 'விளக்கம்' என்று எழுதினால் ஒட்டவில்லை. 'வியாக்கியானம்' கொஞ்சம் கனம். என்ன சொல்லலாம்?

பனையடி · மார்ச் 11

பொருள்கோடல். இலங்கைச் சட்டப் புத்தகங்களில் எல்லாம் அப்படித்தான் இருக்கும். உள்ள எழுத்தை மாற்றாமல் அதற்கு ஒரு பொருளைக் கொள்வது.

பொருநை · மார்ச் 11

பொருள்கோடல்! எழுதிக்கொண்டேன்.

நெல்மணி · மார்ச் 12

பொருநை, அடுத்த செவ்வாய் மதியம் எனக்கு விடுப்பு. அவைக் கட்டடத்தில் பார்வையாளர் மாடத்துக்கு இதுவரை போனதில்லை. இரண்டு மணிக்குக் கேள்வி நேரம், அதற்குப் பிறகு வாக்கெடுப்பு. பழைய பின்னன்ஹோஃப் கட்டடத்துக்குப் போய் நிற்காதே, அங்கே சீரமைப்பு வேலை நடக்கிறது. மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தற்காலிகக் கட்டடம். ஒன்றரைக்கு வாசலில் இருப்பேன், அடையாள அட்டை மறக்காதே. நீ பக்கத்தில் இருந்து சொன்னால் எனக்கும் கொஞ்சம் பிடிபடும்.